வளையல் உடைகிற விதம்

வளையல்கடைப் பெரியவர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அந்த வீட்டுப் பெண்ணின் கை வெறும் கையாக இருக்கக் கூடாது. அடுப்படியில் நின்றாலும் சரி, காய்ச்சலில் படுத்துக் கிடந்தாலும் சரி, இரண்டு மணிக்கட்டிலும் கண்ணாடி வளையல் நிறைந்திருக்க வேண்டும். ஒன்று உடைந்தால் பொழுது சாய்வதற்குள் அந்த இடத்தில் இன்னொன்று ஏறிவிட வேண்டும். பெரியவரின் அப்பா வகுத்த சட்டம் அது. பெரியவர் அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை.

"நம்ம வீட்டுப் பொண்ணு கையே வெறிச்சோடிக் கிடந்தா, நம்மகிட்ட எவ வந்து கையை நீட்டுவா?" என்பார்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு துணித்திரை. கடையில் தன் இடத்தில் உட்கார்ந்தபடியே வீட்டுக்குள் நடப்பதெல்லாம் அவருக்குக் காதால் தெரியும். மருமகள் துணி பிழிந்தால் வளையல்கள் ஒரு பக்கமாகச் சரிந்து சலசலக்கும். பாத்திரம் தேய்த்தால் விட்டுவிட்டுக் கேட்கும். டீ எடுத்து வந்தால், சிந்தாமல் நடக்கிற நடைக்கு ஏற்றபடி அடங்கி ஒலிக்கும். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் வீடு ஒழுங்காக இருக்கிறது. திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு வந்ததே இல்லை.

கடைக்கும் ஒரு சட்டம் இருந்தது. வளையல் போடுகிறவன் பெண்ணின் கையை மட்டும்தான் பார்க்க வேண்டும். மணிக்கட்டுக்கு மேலே கண் போகக் கூடாது. கையில் கண்டதை வாயால் பேசக் கூடாது. கல்யாணப்பெண்ணின் கை வியர்த்து நடுங்கும். பிள்ளைத்தாய்ச்சியின் கை வீங்கியிருக்கும், ஓர் அளவு பெரிதாகப் போட வேண்டும். சலவைக்காரியின் கை வெடித்திருக்கும், அதற்கு எண்ணெய் தடவிப் போட வேண்டும். பள்ளிக்கூட டீச்சர் சத்தம் கேட்காத மாதிரி கைக்கு ஒன்று போதும் என்பார். புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட நீல வளையலை இப்போது போடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கையை நீட்டும்மா" என்பதற்கு மேல் பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்தக் கைக்கு எது பொருந்தும் என்று அளவு சொல்வதுதான் நம் வேலை, தீர்ப்புச் சொல்வது இல்லை என்பது அவருடைய கட்சி. அதனால்தான் மூன்று தெரு தள்ளியிருந்தும் பெண்கள் இந்தக் கடையைத் தேடி வந்தார்கள்.

இப்போதெல்லாம் வளையல் போடுகிறவன் அவருடைய மகன். பெரியவர் அளவு எடுத்துக் கொடுப்பதோடு சரி. மகனுக்குக் கடைத்தெருவில் 'பஞ்சுக்கை' என்று பெயர். கட்டைவிரலின் அடிச்சதையை மெல்ல அமுக்கி, விரல்களைக் குவித்து, இறுக்கமான வளையலையும் வலி தெரியாமல் ஏற்றிவிடுவான். அவன் போட்டு ஒரு வளையல் உடைந்தது என்பது கிடையாது. ஆனால் வீட்டுப் பெண்ணுக்குப் போடுவது மாமியாரின் வேலை. பெரியவர் மருமகளின் கையைத் தொட்டதில்லை. உற்றுப் பார்த்ததும் இல்லை.

சந்தை கூடிய அன்று காலையில் கடையில் நல்ல கூட்டம். எதிர்க்கடைத் தையல்காரி, பழைய பாக்கி எதையோ பேச வந்தவள் மாதிரி, மணை மேல் வசதியாக உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கத்தரிக்கோலைவிட நாக்குக்குக் கூர் அதிகம். மருமகள் டீ கொண்டுவந்து வைத்தாள். தையல்காரியின் கண் அவள் கைக்குப் போயிற்று.

"என்னடியம்மா, முந்தாநாள் பச்சை போட்டிருந்தே, இன்னிக்குச் சிவப்பு. எங்களுக்கெல்லாம் ஒண்ணு போட்டா அது போற வரைக்கும் அதான். மாமனார் கடைன்னா தினம் ஒரு கலரா?"

"உடைஞ்சு போச்சுக்கா."

"மறுபடியுமா? போன மாசமும் இதையேதான் சொன்னே. அதுக்கு முந்தியும் சொன்னே. நீ வளையல் போடறியா, கடிச்சுத் தின்னுறியா?"

கடையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தி தான் எடுத்து வைத்திருந்த கொத்தைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னொருத்தி, "இங்க வாங்கினா நாலு வருஷம் கிடக்கும்னு சொல்லுவாங்களே" என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகக் கேட்டாள். மெதுவாகக் கேட்டாலும் பெரியவருக்கு விழுந்தது. அவருடைய முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"ஏம்மா, எப்படி உடைஞ்சுது?" என்றார், திரும்பாமலே.

மகன் ஒரு கிழவியின் கையைப் பிடித்தபடி இருந்தான். பாதி ஏறிய வளையல் அப்படியே நின்றது.

"சரக்கு இந்தத் தடவை கொஞ்சம் பலமில்ல மாமா. ஒட்டுல விட்டுப் போகுது."

கண்ணாடிக் கம்பியை வளைத்து, இரண்டு முனையையும் தீயில் காட்டிச் சேர்க்கிற இடத்துக்கு ஒட்டு என்று பெயர். அது விட்டுப்போகிறது என்றால் செய்தவனுக்கே கை தெரியவில்லை என்று அர்த்தம். இதைவிடப் பெரிய பழி அந்தத் தொழிலில் இல்லை. அந்தச் சரக்கைச் செய்து அனுப்புகிறவர் வேறு யாருமில்லை. மருமகளின் அப்பாதான். ஊருக்கு வெளியே சூளை வைத்திருக்கிறார்.

"போச்சுடா. பெத்த பொண்ணு வாயாலயே வந்துடுச்சு" என்றாள் தையல்காரி. "நீங்க சம்பந்தின்னு பாக்கறீங்க, அவரு சம்பந்திதானேன்னு அனுப்பறாரு. நடுவுல எங்க கை."

கிழவியின் கையில் வளையல் ஏறி முடிந்தது. மகன் தலை நிமிரவில்லை.

"நாளைக்குக் காலையில நானே போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்றார் பெரியவர், கடை முழுவதற்கும் கேட்கும்படியாக. "இந்தக் கடையில வாங்கினது ஒட்டு விட்டுச்சுன்னு எங்க அப்பா காலத்துலயும் இல்ல, என் காலத்துலயும் இல்ல."

உடைந்த வளையல் துண்டுகளை அந்த வீட்டில் குப்பையில் போடுவது இல்லை. அடுப்படி மூலையில் ஒரு தகர டப்பா இருக்கிறது. நிறைந்ததும் சூளைக்குத் திரும்பப் போகும், உருக்குவதற்கு. மறுநாள் காலையில் பெரியவர் அந்த டப்பாவை எடுக்கக் குனிந்தபோது மனைவி வந்து குறுக்கே நின்றாள்.

"இதை எதுக்கு எடுக்கறீங்க?"

"காட்ட வேண்டாமா? வெறும் வாயால சொன்னா நம்புவாரா அந்த மனுஷன்?"

"கண்ணாடின்னா உடையத்தாங்க செய்யும். விட்டுடுங்க."

"கடையில நாலு பேரு மத்தியில சொல்லிட்டா. எப்படி விடறது?"

"சம்பந்தி வீட்டுல போய்ச் சத்தம் போடறது நல்லா இருக்குமா? நல்ல மனுஷன். ஒரு பொண்ணைப் பெத்தவரு."

"நல்ல மனுஷன்னா நல்ல சரக்கு அனுப்பணும்."

மனைவி இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். மருமகள் தண்ணீர்க்குடத்தோடு உள்ளே வந்ததும் நிறுத்திக்கொண்டாள். பெரியவரின் கையில் டப்பாவைப் பார்த்ததும் மருமகள் குடத்தைக் கீழே வைத்தாள். "மாமா" என்றாள். அவர், "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்ல மாமா. வெயிலுக்கு முந்தி போயிட்டு வந்துடுங்க" என்றாள்.

பஸ்ஸில் டப்பா அவர் மடியில் குலுங்கிக்கொண்டே வந்தது. வழி நெடுக அவர் சொல்லப்போவதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். மரியாதை குறையாமல், அதே சமயம் உறைக்கிற மாதிரி. தலைமுடி கனத்தில் கீறல் இருந்தாலும் விளக்குக்கு முன் பிடித்துக் கண்டுபிடித்துவிடுகிற மனிதர் அவர். டப்பாவை ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

சூளைக்குள் நுழைந்தால் முதலில் சூடு வந்து முகத்தில் அறையும். நடுவில் உலை, அதன் வாயில் ஆரஞ்சு நிறத்தில் கண்ணாடி தேன் மாதிரி இழுபடும். ஓர் ஆள் இரும்புக் கம்பியில் அதைச் சுற்றி எடுத்து ஓடுவான், இன்னொருவன் வாங்கி இழைப்பான், மூன்றாமவன் உருளையைச் சுழற்றிச் சுருள் சுருளாக விழ வைப்பான். ஒருவன் பிசகினாலும் மற்றவன் காலில் நெருப்பு. ஒருவரும் பேச மாட்டார்கள். ஓரத்துக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக, ஆளுக்கொரு சின்னத் தீச்சுடருக்கு முன்னால் உட்கார்ந்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். தீ அசையக் கூடாது என்பதற்காக எவ்வளவு புழுக்கத்திலும் அங்கே காற்றாடி கிடையாது.

சூளைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே வந்தார். புருவம் கருகிப்போன மனிதர். சூட்டில் வெந்து வெந்து முகம் செங்கல் நிறமாகிவிட்டது.

"வாங்க சம்பந்தி. சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா? எங்க பாப்பா நல்லா இருக்கா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். உங்க சரக்குதான் நல்லா இல்ல."

ஒட்டுப் போடுகிற கொட்டகையில் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது.

"என் கடைக்கு ஒரு பேர் இருக்கு சம்பந்தி. உங்க பேரும் சேர்ந்துதான் அது. ஒட்டு விட்டுப் போகுதுன்னு சந்தைக்கூட்டத்துல வெச்சுக் கேக்கறாங்க. என்ன பதில் சொல்ல? சம்பந்தியாச்சேன்னு வாயை மூடிக்கறதா?"

வரிசையில் மூத்தவள், ஒட்டுக்காரி என்றே எல்லாரும் கூப்பிடுகிறவள், எழுந்து வந்தாள்.

"ஒட்டு விட்டுச்சா? யாரு சொன்னது?"

"உங்க முதலாளி பொண்ணே சொன்னா. அவ கையிலதான் உடையுது."

ஒட்டுக்காரி திரும்பி முதலாளியைப் பார்த்தாள். அந்தப் பெண் சிறுமியாக இருந்தபோது அவள் மடியில் உட்கார்ந்து தீச்சுடரை ஊதி அணைத்து அடி வாங்கியவள்.

சூளைக்காரர் டப்பாவை வாங்கினார். தகரத் தட்டு ஒன்றை இழுத்துப் போட்டுத் துண்டுகளைக் கொட்டினார். பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள். குனிந்து ஒன்றை எடுத்தார். விரலால் தடவினார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். ஒட்டுக்காரியும் குனிந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் புருவம் நெறித்தது.

"ஐயா, இதுல ஒட்டு அப்படியேதானே..."

"நீ போய் வேலையைப் பாரு" என்றார் சூளைக்காரர்.

"இல்லய்யா, இதையும் பாருங்க, இதுலயும்..."

"போன்னு சொன்னேன்ல."

அவர் அப்படி அதட்டி அங்கே யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஒட்டுக்காரி துண்டைத் தட்டில் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். ஆனால் தீயைப் பற்றவைக்கவில்லை.

சூளைக்காரர் நிமிர்ந்தார். கொட்டகைப் பக்கம் பார்க்காமல் பெரியவரைப் பார்த்துச் சொன்னார். "ஆமா சம்பந்தி. சரக்கு சரியில்ல. நம்ம பக்கம்தான் தப்பு. மன்னிச்சுக்கங்க."

பெரியவர் இதை எதிர்பார்க்கவில்லை. இரண்டு வார்த்தை எதிர்த்துப் பேசுவார், மூன்றாவது வார்த்தையில் மடக்கலாம் என்று வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டது. "ஒத்துக்கிட்டீங்களே, அதுவே பெருந்தன்மை" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"வாங்க, டீ குடிக்கலாம்."

சூளைக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் ஓரம் ஒரு பெஞ்சு. டீ வந்தது. சூளைக்காரர் தட்டையும் கையோடு எடுத்து வந்திருந்தார். ஒரு துண்டை எடுத்து விரலில் உருட்டினார்.

"சம்பந்தி, உடைஞ்ச வளையலை யாராவது கழுவி வெப்பாங்களா?"

"என்ன கேக்கறீங்க?"

"எத்தனையோ கடையிலிருந்து உடைசல் வருது. அழுக்கும் புழுதியும் முடியுமா வரும். நாங்கதான் அலசுவோம். இது ஒவ்வொரு துண்டும் சுத்தமா இருக்கு. ஒவ்வொண்ணா எடுத்துத் தேய்ச்சுக் கழுவியிருக்கு. எதுக்குக் கழுவணும்?"

பெரியவர் டீயைக் கீழே வைத்தார்.

"சரக்கு சரியில்லன்னு ஒத்துக்கிட்டேன். வேணும்னா உங்க கடை வாசல்ல வந்து நின்னு நாலு பேர்கிட்டயும் சொல்றேன். உங்க வீட்டு மானமும் நிக்கும், எம்பொண்ணு வாழ்க்கையும் நிக்கும். எனக்கென்ன, கண்ணாடி வியாபாரம்தானே போகும்." தட்டிலிருந்த துண்டுகளை டப்பாவில் திரும்ப அள்ளிப் போட்டு மூடினார். "கொஞ்ச நாளைக்குப் பாப்பாவை இங்க அனுப்பி வைங்க. அவங்க அம்மா பாக்கணும்னு ஆசைப்படறா. நான் அவளை ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். உங்களையும் கேக்க மாட்டேன்."

"நீங்க என்ன சொல்ல வர்றீங்க சம்பந்தி? நேரா சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரியாததா நான் சொல்லப்போறேன்? துண்டு உங்க மடியிலதானே வந்துச்சு."

திரும்புகிற பஸ்ஸில் கூட்டம் இல்லை. பெரியவர் டப்பாவைத் திறந்தார்.

ஒட்டு பலமில்லாத வளையல் அந்த ஒரே இடத்தில்தான் விடும். விட்டால் வாய் பிளந்த வளையமாக நிற்கும், துண்டாகாது. குழாயிலோ சுவரிலோ பட்டு உடைந்தால் ஓரத்து வளையல் மட்டும் போகும், மற்றவை தப்பிக்கும். டப்பாவில் இருந்தவை அப்படி இல்லை. பச்சை அத்தனையும் சரிபாதியாக, எதிரெதிராக இரண்டு இடத்தில் உடைந்திருந்தன. சிவப்பும் அப்படி. நீலமும் அப்படி. ஒவ்வொன்றிலும் ஒட்டு ஆடாமல் அசையாமல் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற வளையல்களெல்லாம் ஒரே நேரத்தில், இரண்டு பக்கமும் அமுங்கி, இப்படிப் பாதிபாதியாக உடைய ஒரே ஒரு வழிதான் உண்டு. கட்டைவிரல் ஒரு பக்கம், நாலு விரல் மறுபக்கம். அமுக்கத் தெரிந்த கை.

அவர் டப்பாவை மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைப் பின்கட்டுக்கு அழைத்தார். துணி காய்கிற கொடிக்குக் கீழே அவள் வந்து நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

அவள் எது என்று கேட்கவில்லை. "நான்தானே அவளுக்கு வளையல் போட்டு விடறேன்" என்றாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? வெளிய தெரியாம பாத்துக்கன்னு சொல்லியிருப்பீங்க. அதைத்தானே பண்ணிக்கிட்டு இருந்தேன். கை முழுக்க வளையல் இருந்தா தழும்பு தெரியாது. உடைஞ்சா உடனே போட்டுடணும்னு சட்டமே இருக்கே நம்ம வீட்டுல." அவள் குரலில் குத்தல் இல்லை. காய்ந்த துணியை எடுத்து மடிப்பது போலச் சொன்னாள். "புண்ணு ஆறாம இருக்கறப்ப மேல போட்டா எரியும். வாயை இறுக்கிக்கிட்டு உட்காருவா. அப்பவும் அந்தப் பொண்ணு ஒண்ணுதான் சொல்லும். மாமாவுக்குச் சத்தம் கேக்கலன்னா எதுக்குன்னு கேப்பாரு, சீக்கிரம் போடுங்க அத்தைன்னு."





பெரியவர் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டார். தன் இடத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாள் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார்.

அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் கடை திறந்ததும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். மகன் தன் இடத்தில் உட்கார்ந்து ஒரு சின்னப்பெண்ணின் கையைப் பிடித்து, "வலிக்குதா? வலிச்சா சொல்லணும், என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். தையல்காரி எதிர்க்கடையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சூளைக்குப் போன விசேஷம் தெரிந்துகொள்ள வந்தே விட்டாள்.

பெரியவர் எழுந்து மகனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அந்தக் கையை விடு."

"இதோ ஆச்சுப்பா, இன்னும் ஒண்ணுதான்..."

"விடுன்னு சொன்னேன். எழுந்திரு."

மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவர் கையில் இருந்த தகர டப்பாவைப் பார்த்தான். எழுந்து திரைக்குப் பின்னால் போனான். பெரியவரும் போனார். திரை விழுந்தது. ஆனால் துணித்திரைதான்.

"அடிக்கலப்பா. சத்தியமா ஒரு அடி அடிச்சதில்ல. கோவத்துல கையைத்தான் பிடிச்சேன்."

"கையைப் பிடிக்கற வேலையைத்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். எவ்வளவு அமுக்கினா வலிக்கும், எவ்வளவு அமுக்கினா உடையும்னு உனக்குத் தெரியாதா? தெரியாம பண்ணினவனை மன்னிக்கலாம்."

"எதுத்துப் பேசறாப்பா. வாயைக் கொடுத்தா..."

"இனிமே இந்தக் கடையில எந்தப் பொண்ணு கையையும் நீ தொடக் கூடாது. அரிசி மண்டியில மூட்டை தூக்கு. அது கத்தாது."

"ஊர்ல என்ன சொல்லுவாங்க? நம்ம வீட்டு மானம்..."

"அதைப் பத்தி நீ பேசாத."

வெளியே கடையில், சின்னப்பெண்ணின் கையில் பாதியில் நின்ற வளையலை அவளுடைய அம்மா தானே ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் திரையை ஒதுக்கினார். "அம்மா, இங்க வா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். மருமகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற மணையைக் காட்டினார். "உட்காரு."

"மாமா, எல்லாரும் இருக்காங்க."

"இருக்கட்டும்."

அவள் உட்கார்ந்தாள். எதிரே, மகன் உட்கார்ந்திருந்த இடத்தில் பெரியவர் உட்கார்ந்தார். "கையை நீட்டும்மா" என்றார். எத்தனை ஆயிரம் பெண்களிடம் சொன்ன வார்த்தை. இந்தப் பெண்ணிடம் இப்போதுதான் சொல்கிறார்.

வளையலைப் போடுவதைவிடக் கழற்றுவது கஷ்டம். ஏறும்போது வழி விட்ட சதை இறங்கும்போது விடாது. பெரியவர் எண்ணெயைத் தொட்டு, அவள் கட்டைவிரலை மடக்கி, ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் வைத்தார். அவருடைய விரல் முட்டிகள் வீங்கிப்போனவை. ஆனாலும் ஒன்றுகூட உடையவில்லை. கடைசி வளையல் இறங்கியபோது மணிக்கட்டு தெரிந்தது. வெள்ளையாக ஆறிப்போன கோடுகள், அவற்றுக்கு மேல் சிவப்பாக இன்னும் ஆறாத கோடுகள், வளையல் வளையலாக.

கடையில் இருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். மருமகள் முந்தானையால் மூடப் போனாள். பெரியவர் அவள் கையை விடவில்லை. பிடித்தும் வைக்கவில்லை. உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அதெல்லாம் பெரிசா வலிக்கல மாமா" என்றாள் அவள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அப்பா சரக்கை நானே பழிச்சுச் சொன்னேனே, அதுதான் வலிச்சுது."

தையல்காரி பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். பிறகு, "பெரியவரே, அப்ப அந்தச் சரக்கு..." என்றாள்.

பெரியவர் எழுந்து நின்றார். அவர் முதுகு எப்போதும் போல நிமிர்ந்துதான் இருந்தது. அப்படி நிற்பதற்கு அன்று அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

"சரக்கு நல்ல சரக்கு. ஒட்டுப் போட்ட கையிலயும் குறை இல்ல, சூளையிலயும் குறை இல்ல. உடைச்சது என் வீட்டுக் கை." நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "போற இடத்துல எல்லாம் சொல்லு. சரக்கு மோசம்னு சொன்னியே, அதைவிடச் சத்தமா சொல்லு."

மனைவி உள்ளேயிருந்து ஒரு துணிப்பை கொண்டுவந்து வைத்தாள். காலையிலேயே கட்டி வைத்திருந்தாள். மருமகள் அதைப் பார்த்துவிட்டு மாமனாரைப் பார்த்தாள்.

"நான் திரும்பி வரணுமா மாமா?"

"அது நீ சொல்ல வேண்டியதும்மா. இங்க யாரும் உனக்குச் சொல்ல முடியாது."

"இப்ப என்ன சொல்றதுன்னு தெரியலயே மாமா."

"தெரியறப்ப சொல்லு. தெரியாட்டியும் பரவால்ல."

அவள் வெறும் கைகளைப் பார்த்தாள். "இப்படியே போகவா? பஸ்ல எல்லாரும் பாப்பாங்க. ரெண்டு மட்டுமாவது..."

"உனக்கு வேணும்னா போட்டுக்க. என் வீட்டுக்காகன்னா வேண்டாம்."

அவள் யோசித்தாள். துணியில் குவிந்து கிடந்த சிவப்பு வளையல்களை விரலால் ஒரு தரம் கலைத்தாள். எடுக்கவில்லை.

பின்வாசல் வழியாகப் போனால் சந்தில் இறங்கி யார் கண்ணிலும் படாமல் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அவள் கால் அந்தப் பக்கம்தான் திரும்பியது. பெரியவர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கடையின் முன்படியில் இறங்கினார். சூளைக்குப் போனதும் ஒட்டுக்காரியிடம் முதலில் பேச வேண்டும். பிறகுதான் சம்பந்தி. என்ன சொல்வது என்று இந்தத் தடவை அவர் எதையும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கவில்லை.

கடைத்தெரு முழித்துக்கொண்டிருந்தது. மளிகைக்கடைக்காரர் தராசைப் பிடித்தபடி பார்த்தார். சலூனில் பாதி முகத்துக்குச் சோப்பு நுரையோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். பெரியவர் யாருக்கும் தலையசைக்காமல் பத்தடி நடந்தார். நடந்தவர் நின்றார்.

பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. சலசலப்பு இல்லை. அடங்கி ஒலிக்கிற அந்தச் சத்தமும் இல்லை. வருகிறாளா, நின்றுவிட்டாளா, உள்ளேயே திரும்பிப் போய்விட்டாளா, எதுவும் காதால் தெரியவில்லை.

பெரியவர் திரும்பிப் பார்த்தார்.